பனியனில் ஊசி உடைந்தால் இருக்கும் காவல், கட்டிலில் படுத்திருக்கும் அம்மாவுக்கு ஏன் இல்லை?

நொய்யல்மகள் (திருப்பூர்) கேட்டது:

வணக்கம். எனக்கு வயது 46. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் தரப் பிரிவில் 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மருத்துவம் படித்தவள் அல்ல. இங்கே மருத்துவர்களும் செவிலியர்களும் எழுதுவதைப் படித்திருக்கிறேன், அதனால்தான் இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவுக்கு 71 வயது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஊர். இரண்டு மாதங்களுக்கு முன் விடியற்காலையில் தண்ணீர் வாளியோடு கட்டுத்தரைக்குப் போனவர், சாணியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். மறுநாளே அறுவை சிகிச்சை நடந்தது. அறுவை செய்த மருத்துவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாளே அம்மாவை வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிட்டார்.

நடந்தது அன்று இரவு. அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். வீட்டில் மாத்திரை மட்டும்தான். மருத்துவமனையில் இன்சுலினுக்கு மாற்றியிருந்தார்கள், சாப்பாட்டுக்கு முன் 12 யூனிட். 7.40 மணிக்கு ஒரு சிஸ்டர் வந்து வயிற்றில் ஊசி போட்டார். அட்டையில் எழுதப் பேனாவை எடுத்த நேரத்தில் எதிர்க் கட்டில்காரர் வாந்தி எடுத்தார். சிஸ்டர் அங்கே ஓடினார். 8 மணிக்கு டியூட்டி மாறியது. 8.20-க்கு வேறொரு சிஸ்டர் வந்தார், இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. அட்டையைப் பார்த்தார். கட்டம் காலியாக இருந்தது. இன்னொரு முறை ஊசி போட்டார்.

நான் பக்கத்து முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஊசியையும் என் கண்ணால் பார்த்தேன். எலும்பு அறுவை செய்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஓர் ஊசி போடுவார்கள், இது அதுவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். "இது என்ன மருந்து சிஸ்டர்?" என்று நான்கு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அது இன்றுவரை என் நெஞ்சில் உறுத்துகிறது.

பதினொன்றரை மணிக்கு அம்மா, "மயிலையை அவிழ்த்து நிழலில் கட்டு, வெயில் ஏறிவிட்டது" என்றார். மயிலை செத்துப் பத்து வருடம் ஆகிறது. தூக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன். போர்வையை இழுத்துவிடக் கையைத் தொட்டபோதுதான் தெரிந்தது, உடம்பெல்லாம் சில்லிட்டுச் சேலை நனைந்துபோகும் அளவுக்கு வியர்த்திருந்தது. சோதித்துப் பார்த்தால் சர்க்கரை 41. குளுக்கோஸ் ஏற்றினார்கள். கால் மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "ஏன் அழுகிறாய்?" என்று என்னைக் கேட்டார்.

"வயதானவர்களுக்குச் சர்க்கரை ஏறி இறங்குவது சகஜம்" என்று காலையில் நிர்வாகத்தில் சொன்னார்கள். உண்மையைச் சொன்னது அந்தச் சின்னப் பெண்தான். நடைவழியில் என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். "அக்கா, கட்டம் காலியாக இருந்தது அக்கா" என்றாள். இரண்டு நாள் கழித்து அவளைக் காணவில்லை. வேலையை விட்டு நீக்கிவிட்டதாக எனக்கு ஆறுதல்போலச் சொன்னார்கள்.

எனக்கு ஆறுதலாக இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு தையல் ஊசி உடைந்தால் அந்த மெஷின் அங்கேயே நிற்கும். தைப்பவர் கையைத் தூக்குவார், சூப்பர்வைசர் வருவார். உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி முழு ஊசியாகிறதா என்று பார்ப்போம். ஒரு நோட்டில் அந்தத் துண்டுகளை டேப் போட்டு ஒட்டி, தேதி, நேரம், மெஷின் எண், தைத்தவர் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் புது ஊசி. ஒரு துணுக்கு குறைந்தாலும் சுற்றியிருக்கும் துணிகள் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மெட்டல் டிடெக்டரில் விடுவோம். எங்கோ வெளிநாட்டில் பெயர் தெரியாத ஒரு குழந்தை அணியப்போகும் பனியனுக்காக இவ்வளவும் செய்கிறோம். செய்யத்தான் வேண்டும்.

ஆனால் ஊசி உடைந்ததற்காக நாங்கள் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சூப்பர்வைசர் ஊசிக்கு அபராதம் பிடித்தார். அந்த மாதம் நோட்டில் ஊசி உடைந்த பதிவே குறைந்துபோனது. எல்லோரும் துண்டுகளை முந்தானையில் முடிந்து வெளியே கொண்டுபோய்ப் போட்டார்கள். பிறகு ஒரு பீஸின் கழுத்துப் பட்டையில் ஊசி முனை அகப்பட்டபோதுதான் எங்கள் முதலாளிக்குப் புரிந்தது.

அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டார்கள். காலியாக இருந்த கட்டம் அப்படியே இருக்கிறது. நாளை வேறொரு பெண் அதைப் பார்ப்பாள், வேறொருவரின் அம்மாவுக்கு ஊசி போடுவாள். எனக்கு நஷ்ட ஈடு வேண்டாம். அந்த மருத்துவமனை தன் முறையை மாற்ற வேண்டும். அதற்கு ஒரு நோயாளியின் மகள் யாரிடம் போக வேண்டும், எதைக் கேட்க வேண்டும்?

வெள்ளைச்சேலை (பெருந்துறை) எழுதியது:

அம்மணி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்தப் பெண் செய்ததை நானும் செய்திருப்பேன். காலியான கட்டம் என்றால் மருந்து போகவில்லை என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். வேலைக்கு வந்து ஐந்தாறு வருடம் இருக்கும். இரவு டியூட்டி, வார்டில் நாற்பதுக்கு மேல் நோயாளிகள், நான் ஒருத்தி. ஆன்டிபயாடிக் பொடியைக் கரைக்க டிரேயிலிருந்து தண்ணீர் ஆம்பூல் ஒன்றை எடுத்து உடைத்தேன். என்னோடு இருந்த ஆயா, எழுத்து கூட்டிப் படிக்கத்தான் தெரியும் அவருக்கு, "சிஸ்டர், இதில் எழுத்து வேறு மாதிரி இருக்கிறதே" என்றார். பார்த்தேன். பொட்டாசியம் குளோரைடு. அளவிலும் நிறத்திலும் தண்ணீர் ஆம்பூல்போலவே இருக்கும். நீர்த்துப்போகச் செய்யாமல் ரத்தக்குழாயில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அந்த ஆம்பூலைக் கழிப்பறையில் போட்டுவிட்டு வந்தேன். நோட்டில் எழுதவில்லை. எழுதியிருந்தால் மெமோ வந்திருக்கும். மறுநாள் டிரேயில் அந்த இரண்டும் பழையபடி பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. உங்கள் முந்தானை முடிச்சுக் கதையைப் படித்தபோது அந்தக் கழிப்பறைதான் நினைவுக்கு வந்தது.

நான் வார்டு பொறுப்புக்கு வந்தபின் முதலில் செய்தது, பொட்டாசியத்தை டிரேயிலிருந்து எடுத்துச் சிவப்பு மூடிப் பெட்டியில் பூட்டி வைத்ததுதான். அடர்ந்த பொட்டாசியம் வார்டு டிரேயில் இருக்கவே கூடாது என்பது இன்று உலகெங்கும் ஒப்புக்கொண்ட விதி.

உங்கள் மருத்துவமனையில் மூன்று கேள்வி கேளுங்கள். இன்சுலின் போடும்போது இரண்டு செவிலியர் சேர்ந்து அளவைப் பார்க்கிறார்களா? கட்டிலை விட்டு நகரும் முன்பே கையெழுத்துப் போடுகிறார்களா? டியூட்டி ஓவர் கொடுப்பதை, அதாவது அடுத்து வரும் சிஸ்டரிடம் நோயாளிகளை ஒப்படைப்பதை, மேசையில் உட்கார்ந்து செய்கிறார்களா, ஒவ்வொரு கட்டிலாகப் போய் நின்று செய்கிறார்களா? கட்டிலருகில் நின்று ஓவர் கொடுத்திருந்தால், "அம்மாவுக்கு இன்சுலின் போட்டாயிற்று" என்று அந்த முதல் சிஸ்டர் வாயால் சொல்லியிருப்பார், நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

இன்னொன்று. அம்மாவுக்கு வீட்டில் இன்சுலின் தொடர்ந்தால் சிரிஞ்சின் மூடியைப் பாருங்கள். நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள புட்டியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு கூடிவிடும் அல்லது பாதிக்கும் கீழே குறைந்துவிடும். புட்டியின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் கண்ணு.

மோகனூர்க்காரன் (நாமக்கல்) எழுதியது:

எல்லோரும் அந்த நர்ஸுக்குப் பரிந்து பேசுகிறீர்கள். என் அப்பா பக்கவாதம் வந்து 17 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து வேட்டியை மாற்றும்போதுதான் முதுகின் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண்ணைப் பார்த்தோம். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்திருந்தால் வந்திருக்காது என்று எங்கள் ஊர் டாக்டர் சொன்னார். 17 நாளில் ஒருவர்கூட அவர் முதுகைப் பார்க்கவில்லை. டிஸ்சார்ஜ் தாளிலும் ஒரு வரி இல்லை. அந்தப் புண்ணோடு நான்கு மாதம் கிடந்துதான் போனார். லாரியை விற்றுக் கட்டிய பணம் அது. முறையை மாற்ற வேண்டும் என்று நீங்கள் கும்பிட்டுக் கேட்டால் மாற்ற மாட்டார்கள் சகோதரி. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுங்கள். பணம் போனால்தான் வலிக்கும்.

இருபது படுக்கை (தாராபுரம்) எழுதியது:

தாராபுரத்தில் சிறிய மருத்துவமனை நடத்துகிறேன். நாமக்கல் நண்பருக்கு முதலில்: உங்கள் அப்பாவுக்கு நடந்தது கவனக்குறைவு, அதற்கு வேறு பெயர் கிடையாது. வழக்குப் போடும் உரிமை உங்களுக்கு உண்டு. காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குமுறை விதி சொல்கிறது. எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், வாயால் கேட்காதீர்கள்.

திருப்பூர் சகோதரிக்கு: உங்கள் ஊசி நோட்டு என்னை உலுக்கிவிட்டது. ஆனால் ஒன்றில் மாறுபடுகிறேன். ஒரு ஆர்டரில் எல்லாப் பனியனும் ஒரே அளவு. நோயாளி அப்படி அல்லர். காலையில் 12 யூனிட் தேவைப்பட்டவருக்கு இரவில் சாப்பிடாவிட்டால் அதே 12 ஆபத்தாகிவிடும். நோட்டு மட்டும் காப்பாற்றாது, நின்று யோசிக்க நேரம் உள்ள ஒரு செவிலியர் வேண்டும். இங்கேதான் எங்கள் தொழிலின் பெரிய குறை. கட்டடத்துக்கும் ஸ்கேன் இயந்திரத்துக்கும் கடன் வாங்குகிறோம், இரவு டியூட்டிக்கு இன்னொரு செவிலியரை நியமிக்கக் கணக்குப் பார்க்கிறோம். நன்றாகப் பழகிய பெண்கள் இரண்டு வருடத்தில் பெரிய நகரத்துக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறார்கள். நாங்கள் கொடுக்கும் சம்பளம் அப்படி. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நோட்டு எதற்கு என்று நானும் கேட்டவன்தான். அறுவை அரங்கில் கத்தி வைக்கும் முன் ஒரு நிமிடம் நின்று, நோயாளி யார், எந்தப் பக்கம், என்ன அறுவை, என்ன ஒவ்வாமை என்று உரக்கச் சொல்லிச் சரிபார்க்கும் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்டது. மொத்தம் 19 அம்சங்கள். புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைச் சோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8-ஆகக் குறைந்திருந்தது. புது மருந்தும் இல்லை, புது இயந்திரமும் இல்லை. அதைப் படித்த பிறகும், இருபது வருடம் அறுவை செய்த எனக்குத் தெரியாததா என்ற எண்ணம் போகவில்லை.

அந்த எண்ணத்தை உடைத்தது ஒரு தியேட்டர் உதவியாளர். ஒரு முழங்கால் அறுவை. ஒப்புதல் தாளில் வலது என்று இருந்தது. நான் எக்ஸ்ரேயைத் திருப்பி மாட்டியிருந்தேன், இடது காலைச் சுத்தம் செய்து துணி போர்த்தியாகிவிட்டது. பட்டியலைப் படித்த அந்தப் பெண் நிறுத்தி, "சார், தாளில் வலது" என்றாள். அவள் வாயைத் திறந்தது எனக்குப் பயப்படாததால்தான். என் அப்பா காலத்து மருத்துவமனையில் ஒரு உதவியாளர் பெரிய டாக்டரை நிறுத்தியிருக்க மாட்டார். உங்கள் மருத்துவமனையில் ஒரு பெண்ணை நீக்கிய அன்று, மற்ற எல்லாப் பெண்களின் வாயையும் சேர்த்து மூடிவிட்டார்கள்.

எங்கே போவது என்று கேட்டீர்கள். முதலில் செவிலியர் கண்காணிப்பாளர். நிர்வாகியைவிட அவருக்குத்தான் இது புரியும். அந்த மருத்துவமனை என்.ஏ.பி.எச். என்ற தேசிய மருத்துவமனைத் தர வாரியத்தின் சான்று பெற்றிருந்தால், மருந்துத் தவறுகளைப் பதிந்து காரணத்தை ஆராய வேண்டிய கடமை அதற்கு உண்டு. அந்த ஆய்வு நடந்ததா என்று கேளுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுதுங்கள். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளை முறைப்படுத்தும் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது, அதற்கான விதிகள் 2018-ல்தான் வந்தன. பதிவு அவர் அலுவலகம் வழியாகத்தான்.

நொய்யல்மகள் (திருப்பூர்) எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். உங்கள் எல்லோருக்கும் நன்றி. நாமக்கல் அண்ணா, உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவின் முதுகை இப்போது தினமும் பார்க்கிறேன்.

சனிக்கிழமை விடுப்பு எடுத்துக் கோவை போனேன். எங்கள் ஊசி நோட்டின் ஒரு பக்கத்தை முதலாளியிடம் கேட்டு நகலெடுத்துக் கொண்டுபோனேன், துண்டுகள் ஒட்டியிருக்கும் பக்கம். கண்காணிப்பாளர் அம்மாள் முதலில் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். நகலைப் பார்த்ததும், "ஒவ்வொரு ஊசிக்கும் இப்படியா?" என்று கேட்டார். பெரியம்மா சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்டேன். முதல் இரண்டுக்கும் "செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது" என்றார். செய்கிறார்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, இரவு எட்டு மணிக்கு ஒரு தளத்துக்கு இரண்டு பேர்தான் என்றும், கட்டிலருகில் நின்று ஓவர் கொடுத்தால் அரை மணி கூடும், அந்த அரை மணிக்கு நிர்வாகம் சம்பளம் கொடுக்காது என்றும் சொன்னார். அவர் சொன்னதிலேயே உண்மையானது அதுதான் என்று எனக்குப் பட்டது. என் கடிதத்தில் அதையும் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வந்திருக்கிறேன். எலும்புத் தளத்தில் மட்டும் ஒரு மாதம் கட்டிலருகே ஓவர் கொடுத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது எட்டு மணிக்கு அந்தத் தளத்தில் போய் நிற்பேன்.

அந்தப் பெண்ணை மட்டும் திரும்ப எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சத்தியமங்கலம் பக்கத்துப் பெண்ணாம். அதற்கு மேல் தெரியவில்லை.

இன்னொன்று இருக்கிறது. இதற்காகத்தான் இப்போது அவசரமாக எழுதுகிறேன். பெரியம்மா சொன்ன சிரிஞ்சை இன்று மாலைதான் பார்த்தேன். வீட்டில் அம்மாவுக்குத் தம்பி மனைவிதான் ஊசி போடுகிறாள். புட்டியில் 40 என்று இருக்கிறது. மருந்துக் கடையில் கொடுத்த சிரிஞ்சில் மூடி ஆரஞ்சு. ஒரு மாதமாக அதுதான்! அம்மாவுக்குச் சர்க்கரை 300-க்குக் கீழே இறங்கவே இல்லை, நாங்கள் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். சிவப்பு மூடி சிரிஞ்சு வாங்கி வந்துவிட்டேன். இன்று இரவிலிருந்து இதில் போடலாம் அல்லவா?

வெள்ளைச்சேலை (பெருந்துறை) எழுதியது:

பொறுங்கள் அம்மணி. ஊசி போட வேண்டாம், முதலில் பதில் சொல்லுங்கள். சர்க்கரை இறங்கவில்லை என்று இடையில் யாராவது யூனிட்டைக் கூட்டினார்களா?

நொய்யல்மகள் (திருப்பூர்) எழுதியது:

ஆமாம். போன வாரம் உள்ளூர் டாக்டர் 12-ஐ 18 ஆக்கினார்.

வெள்ளைச்சேலை (பெருந்துறை) எழுதியது:

அதுதான் பயம். ஆரஞ்சு சிரிஞ்சில் 18 கோடு வரை எடுத்தால், உங்கள் புட்டியிலிருந்து உடம்புக்குப் போவது ஏழு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலேதான். சரியான சிரிஞ்சில் அதே 18-ஐ இன்று போட்டால் முழுப் பதினெட்டும் போகும். அன்று இரவு மருத்துவமனையில் நடந்தது வீட்டிலேயே நடந்துவிடும். உடனே டாக்டரைப் போனில் பிடியுங்கள். புட்டி எது, பழைய சிரிஞ்சு எது, புது சிரிஞ்சு எது என்று மூன்றையும் சொல்லி, எத்தனை யூனிட் என்று அவரே சொல்லட்டும். நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். அவர் சொல்லும் எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டு எழுதி வையுங்கள். பழைய சிரிஞ்சுகளை இன்றே வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள்.

நொய்யல்மகள் (திருப்பூர்) எழுதியது:

டாக்டர் கிடைத்துவிட்டார். ஒரு நிமிடம் பேசவே இல்லை. பிறகு 12-க்கே போகச் சொன்னார். திருப்பிச் சொன்னேன், 12, சிவப்பு மூடி, 40 புட்டி. ஊசி போடும்போது நானும் தம்பி மனைவியும் சேர்ந்து கோட்டைப் பார்த்தோம், போட்ட கையோடு நாட்காட்டித் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். படுக்கும் முன்னும் அதிகாலை மூன்று மணிக்கும் சர்க்கரை பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஆரஞ்சு சிரிஞ்சுகளைக் காலையில் மருந்துக் கடைக்குக் கொண்டுபோகிறேன். அந்தக் கடையில் வேறு யார் யார் வாங்கிப் போனார்கள் என்று கேட்க வேண்டும்.

படுக்கும் முன் 212.

மூன்று மணிக்கு 148. அம்மா தூங்குகிறார்.